சுவரில் அடித்துப் பார்த்து விளக்கு வாங்காதீர்கள்

வண்டியின் முன்னால் பொருத்தக் கூடுதல் விளக்கு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் விளக்கின் இரு கம்பிகளையும் பேட்டரியில் தொட்டுக் காட்டினார். எதிர்ச்சுவர் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. மறுபேச்சின்றி வாங்கிவிட்டேன். அன்றிரவு திண்டிவனம் தாண்டியதும் தவறு புரிந்தது. பம்பருக்கு முன்னால் பத்து மீட்டருக்குப் பட்டப்பகல். அதற்கு அப்பால் முன்பைவிட இருட்டு.

காரணம் நம் கண்தான். அருகில் வெளிச்சம் மிகுந்தால் கண்மணி சுருங்குகிறது, தொலைவு மங்கிவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறோம். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 40 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க இன்னும் அரை நூறு மீட்டராவது வேண்டும். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி அந்தத் தொலைவில் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பரவும் விளக்கு அதைக் காட்டாது. ஒளியைக் குவித்து நீளமாக அனுப்பும் டிரைவிங் லைட்தான் காட்டும்.

பெட்டியில் உள்ள லூமென் கணக்கை நம்புவது அடுத்த தவறு. லூமென் என்பது மொத்த ஒளியின் அளவு. அது எங்கே விழுகிறது என்பதை லென்ஸும் பிரதிபலிப்பானும்தான் முடிவுசெய்கின்றன. 20 வாட் எல்.இ.டி. விளக்கு 2,000 லூமென் தந்தாலே பெரிது. 20,000 என்று அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள்: ஐரோப்பியத் தரச் சான்று பெற்ற விளக்கில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள்; எண் கூடக் கூட நீலம் கூடும். 6,500 கெல்வின் வேண்டாம். நீலம் கலந்த அந்த வெண்மை, மழைத்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். 4,300 முதல் 5,000 வரை போதும்.

இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகள் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து நேரடியாக இணைப்பு எடுத்தால் ஒயர் சூடேறி உருகலாம். சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே கட்டாயம், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸும் வேண்டும். ரிலேயை ஹை பீமுடன் இணைக்கச் சொல்லுங்கள். டிம் செய்தவுடன் கூடுதல் விளக்கும் அணைந்துவிடும். நான்குவழிச் சாலையில் நடுவே அரளிச் செடியாவது மறைக்கும். இருவழிச் சாலையில் எதிரே பைக்கில் வருபவருக்கு எந்த மறைப்பும் இல்லை. ஒரு நொடி அவருக்குப் பாதை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 111-ஆவது விதி, பதிவு அலுவலரின் ஒப்புதலின்றி வாகனத்தின் முன்புறம் ஸ்பாட் லைட் (ஒளியைக் குவித்துப் பாய்ச்சும் விளக்கு) பொருத்துவதைத் தடைசெய்கிறது. எனவே பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முதலில் செய்திருக்க வேண்டியதை நான் கடைசியில்தான் செய்தேன். மஞ்சளடித்துப் போயிருந்த பழைய ஹெட்லைட்டின் மேல்மூடியை மெருகேற்றி, கோணத்தையும் சரிசெய்ய வைத்தேன். அன்றிரவு அதே சாலையில், கூடுதல் விளக்கைப் போடாமலே, தொலைவிலிருந்த மைல்கல்லின் எழுத்துகள் தெரிந்தன.