முகூர்த்தப் படங்களைப் பத்திரப்படுத்தும் முறை

காலையில் பாளையங்கோட்டையில் முகூர்த்தம், மாலையில் தென்காசியில் வரவேற்பு என்று ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் இரண்டு வேலைகள் அமையும்போது, கேமரா பழுதாவதைவிடப் பெரிய ஆபத்து, கார்டில் இடமில்லை என்று அவசரத்தில் ஃபார்மட் கொடுத்துவிடுவதுதான். ஆகவே, படங்கள் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் ஏறி, அவற்றைத் திறந்தும் பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம் என்பதை ஸ்டுடியோவில் எல்லோருக்கும் பொதுவான விதியாக வைக்க வேண்டும்.

இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியுமாறு அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். நிறைந்த கார்டை அதன் உறையில் பெயர்ப் பக்கம் உட்புறமாக இருக்கும்படி செருகி வைத்தால், கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் கை தடவும்போதும் காலிக் கார்டு எது என்ற குழப்பம் வராது. தவறிப்போய்ப் படங்கள் அழிந்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்கக் கூடாது. புதிய படம் மேலே பதியாதவரை பழையவற்றை மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்பு உண்டு.

அன்றிரவே படங்களை இறக்கிவிடுவது நல்லது. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டோடு ஒப்பிட்டு, நடுநடுவே சில படங்களை முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள், ஊர் என்ற வரிசையில் கோப்புறைக்குப் பெயரிட்டால், எல்லாக் கல்யாணங்களும் தாமாகவே காலவரிசையில் நிற்கும். படங்களை இறக்கும் நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க்கே கெடலாம் என்பதால், கணினிக்கு யுபிஎஸ் அவசியம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது இத்தொழிலில் பலரும் பின்பற்றும் கணக்கு. வெளியிடம் ஏன் என்று நம் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, தரைத்தளத்துக் கடைகளில் ஒரே மேசையில் எத்தனை பிரதிகள் இருந்தாலும் ஒன்றுதான். ஆற்றை விட்டு விலகிய ஊரில் இருக்கும் மைத்துனர் வீட்டு பீரோவே போதும். அந்த டிஸ்க்கோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இணையச் சேமிப்பும் நல்லதே. ஆனால் கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலப்படமான ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் 3,000 படங்கள் 90 ஜிபி ஆகும், 40 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அதற்கு 5 மணி நேரம் வேண்டும். கணினியில் எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கைக் காப்புப் பிரதியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஏனெனில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனால் மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைப்பதற்கு அது ஏற்றதன்று.

பேருந்தில் டிஸ்க் கொண்டுபோகும் வழக்கம் இருந்தால், கடவுச்சொல் போட்டு அதை என்கிரிப்ட் செய்துவிட வேண்டும். பெண்வீட்டுப் படங்கள் வேற்றார் கைக்குப் போனால் பழி நம்மீதுதான் விழும். சில வீடுகளில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் வளைகாப்பே வந்துவிடும். ஆகவே, ஆல்பம் கொடுத்தபின் எத்தனை மாதங்கள் படங்களை வைத்திருப்போம் என்பதை முன்பண ரசீதிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, அழிப்பதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.