“கை சரியில்லை” என்றால் போதுமா? உருவப்படத்துக்குக் கருத்து சொல்வதும் கேட்பதும்

உருவம் வரையத் தொடங்கிய புதிதில், நிற்கிற ஒரு மனிதரை வரைந்து பயிற்சி வகுப்பில் காட்டினேன். பார்த்தவர் “கை சரியில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மூன்று வாரம் விரல்களாகவே வரைந்து பழகினேன். பிறகு ஒரு நண்பர் அதே படத்தின் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினார். விரல்களில் குறையே இல்லை. தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது, அதனால்தான் கை முழங்காலைத் தொடுகிற மாதிரி தொங்கியது.

முதலில் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து என்னால் எதையும் திருத்த முடியவில்லை. புதிதாக வரைபவருக்கு, பென்சிலை எடுத்து உடனே சரிபார்க்க முடிகிற கருத்துதான் பயன்படும். அப்படிச் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: படத்தோடு மூன்று விவரம் கொடுங்கள்

எவ்வளவு நேரத்தில் வரைந்தீர்கள், எதைப் பார்த்து வரைந்தீர்கள், எந்த இடத்தில் சந்தேகம். ஒரு நிமிடத்தில் போட்ட ஸ்கெட்சில் நகம் தெரியவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது. நேரத்தைச் சொன்னால்தானே அது அவர்களுக்குத் தெரியும்? பார்த்து வரைந்த போட்டோ இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படத்தைப் போனில் எடுத்து அனுப்புவதானால், தாளுக்கு நேர் எதிரே போனைப் பிடியுங்கள். மேஜையில் கிடக்கும் தாளைச் சாய்வாக எடுத்தால் உங்கள் பக்கம் இருக்கும் பாதம் பெரிதாகவும், தூரத்தில் இருக்கும் தலை சிறிதாகவும் விழும். நீங்கள் செய்யாத தவறுக்குத் திருத்தம் வரும்.

படி 2: கருத்து சொல்பவர் முதலில் அந்த போஸில் நிற்கட்டும்

படத்தைப் பார்க்கும் முன் எழுந்து நின்று, உடல் பாரத்தை வலது காலுக்கு மாற்றிப் பாருங்கள். வலது இடுப்பு மேலே ஏறும். அதைச் சமன் செய்ய வலது தோள் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். இதை உடம்பில் உணர்ந்த பிறகு படத்தைப் பார்த்தால், இடுப்பும் தோளும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருப்பது உடனே கண்ணில் படும். புதியவர்களின் உருவங்கள் விறைப்பாகத் தெரிய இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

படி 3: பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள்

முதலில் நிற்கும் சமநிலை. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல, கழுத்துக்குழியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறக்கிப் பாருங்கள். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு அது அந்தக் காலின் பாதத்தருகே விழ வேண்டும். இரண்டு காலிலும் பாரம் இருந்தால் நடுவில் விழும். விலகி விழுந்தால் உருவம் சாய்ந்துவிடப் போவது போலத் தெரியும். ஓடுபவருக்கும் எதையாவது பிடித்துத் தள்ளுபவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட, ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையோடு மல்லுக்கட்டும் அந்த நால்வரின் உடல்களும் முன்னும் பின்னும் சாய்ந்திருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே போய் வரைந்து பழகலாம். சிலை அசையாது, எனவே யார் சொன்னது சரி என்று மறுநாள் போயும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. வளர்ந்த மனிதரின் உயரம் சுமார் ஏழரைத் தலை, அதாவது அவர் தலையின் நீளத்தைப் போல ஏழரை மடங்கு. உடலின் பாதி ஏறக்குறைய தொடைகள் பிரியும் இடத்தில் வரும். தலையின் பாதியில் கண். கையை முகத்தில் வைத்தால் தாடையிலிருந்து நெற்றி முடி தொடங்கும் இடம் வரை வரும். பாதம் கிட்டத்தட்ட முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளம். பழகாத கை தலையைப் பெரிதாகவும், கைகளையும் பாதங்களையும் சிறிதாகவும் போட்டுவிடும், கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடும். ஆனால் எதிரே இருக்கும் ஆள்தான் கடைசி அளவுகோல். ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை உயரம்தான் இருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து அளவு வைக்கும் தாளக் கணக்கு (சிற்ப அளவு முறை) தெய்வ உருவங்களுக்கானது. தாத்தாவை வரைந்த படத்தை அந்தக் கணக்கால் திருத்த வேண்டாம்.

முகம், விரல், ஷேடிங் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

படி 4: இடம், கண்டது, சரிபார்க்கும் வழி

ஒரு கருத்தில் இந்த மூன்றும் இருக்கட்டும். “கால் குட்டையா இருக்கு” என்பதற்குப் பதிலாக, “தொடை பிரியும் இடத்திலிருந்து பாதம் வரை மூன்று தலைதான் வருகிறது, போட்டோவில் பென்சிலை வைத்து அளந்து பாருங்கள்” என்று சொல்லலாம். ஒரு படத்துக்கு இரண்டு திருத்தம் போதும். பத்து சொன்னால் எதில் தொடங்குவது என்றே தெரியாது.

நன்றாக வந்திருப்பதையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். “முதுகு வளைவு ஒரே வீச்சில் வந்திருக்கிறது, ஷேடிங்கில் அதை மூடிவிடாதீர்கள்” என்றால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெறும் “சூப்பர்” அதைச் சொல்லாது. வரைந்து காட்ட வேண்டுமானால் மேலே டிரேசிங் பேப்பர் போட்டு வரையுங்கள். அவர் தாளில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. நம்மில் பலருக்கு மாடல் அம்மாவோ, பாட்டியோ, பக்கத்து வீட்டு மாமாவோதான். அவர்கள் காதில் விழும் தூரத்தில்தான் இருப்பார்கள். கோட்டைப் பற்றிப் பேசுங்கள், அவர்களுடைய உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். உட்கார்ந்து கொடுத்த மனசு அடுத்த முறை வரத் தயங்கக் கூடாது.

படி 5: கேட்கும்போது எழுதிக்கொள்ளுங்கள்

“அவசரத்துல போட்டேன்”, “பென்சில் சரியில்லை” என்று காரணம் சொல்லத் தோன்றும். சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் “எந்த இடத்துல?” என்று மட்டும் கேளுங்கள். இருவர் வேறு வேறாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவர் தலை பெரிது என்பார், மற்றவர் தோள் குறுகல் என்பார். இருவர் கண்ணும் உறுத்துவது ஒரே பகுதியில்தான், அங்கே அளந்து பாருங்கள். படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாலும், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய சாய்வு தெரிந்துவிடும். அளந்து பார்த்து நீங்கள் வரைந்ததே சரி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய படத்தை அழித்துத் திருத்தாதீர்கள். புதுத் தாளில் அதே போஸை மறுபடி வரைந்து, இரண்டிலும் தேதி போட்டு, முதலில் கருத்து சொன்ன அதே ஆளிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.