ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு: பல்கலைக்கழக ஆய்வாளர் செய்ய வேண்டியவை

தம் கண்டுபிடிப்பு தொழிற்சாலையில் பயன்பட வேண்டும் என்று விரும்பும் ஆய்வாளர், கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவை அணுகிவிட வேண்டும். அச்சிலோ கருத்தரங்கிலோ வெளிவந்துவிட்ட கண்டுபிடிப்பு, காப்புரிமைக்குத் தேவையான புதுமையை இழந்துவிடுகிறது. இந்தியச் சட்டம் இதற்கு அளிக்கும் விலக்குகள் மிகக் குறைவு. ஆய்வு முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பின் அடிப்படையை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யலாம். 2021-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டுவிட்டதால், செலவை எண்ணித் தயங்கவும் தேவையில்லை. விண்ணப்பத்தில் எழுதியதை அதன்பின் கட்டுரையாக்கலாம். எழுதாத மேம்பாடுகளை மட்டும் வெளியே சொல்லக்கூடாது.

அடுத்து, பயன்படும் இடத்தின் நிலைமையில் சோதித்துப் பார்க்க வேண்டும். சென்னை ஐஐடி பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சங்களை வெள்ளி நானோ துகள்களால் நீக்கும் முறையைக் கண்டறிந்தது. யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் அதை 2007-இல் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய முறை காய்ச்சி வடித்த நீரில் வேலை செய்தால் மட்டும் போதாது. உப்பும் கலங்கலும் உள்ள கிணற்று நீரிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும்.

பெரும்பாலான முயற்சிகள் இடறுவது அளவைப் பெருக்கும்போதுதான் என்பது என் கணிப்பு. ஒரு லிட்டர் குடுவையில் அமைதியாக நடந்த வெப்ப உமிழ் வினையை, அதே வடிவிலான 1,000 லிட்டர் கலத்துக்கு மாற்றினால், கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடும்போது வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு நூறு மடங்கே கூடுகிறது. குளிர்விப்பை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் கலவை கொதித்துப் பொங்கிவிடும். ஆகவே கலக்கும் வேகம், சேர்க்கும் வரிசை, நிறம் மாறும் நேரம் ஆகியவற்றை ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றன்றே தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். கட்டுரையில் இடம்பெறாத இந்த விவரங்களைத்தான் ஆலைப் பொறியாளர் முதலில் கேட்பார்.

கண்டுபிடிப்பைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு அனுமதி தரும் உரிம ஒப்பந்தத்தைச் சட்ட வல்லுநரிடம் விட்டுவிடலாம். ஆனால் தனியுரிமம் (வேறு யாருக்கும் தராத உரிமம்) பெறும் நிறுவனம் கண்டுபிடிப்பைக் கிடப்பில் போட்டால் உரிமம் திரும்பிவிடும் என்ற நிபந்தனையையும், ஆய்வையும் கற்பித்தலையும் தொடரும் உரிமையையும் ஆய்வாளரே வலியுறுத்திக் கேட்க வேண்டும். உற்பத்தியின் முதல் சில தொகுதிகள் சரியாக வரும்வரை அவரோ, சோதனைகளைத் தம் கையால் செய்த மாணவரோ ஆலையில் உடனிருக்க வேண்டிய நாட்களையும், அதற்கான ஊதியத்தையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.