மாதக்கணக்கில் பறக்காத ட்ரோன்: பேட்டரியை எப்படி வைப்பது?

முழு சார்ஜோடு அலமாரிக்குள் போன லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நாலைந்து மாதம் கழித்து உப்பிப்போய் வெளியே வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தீப்பிடிக்காத பை, உலோகப் பெட்டி என்று பலரும் முதலில் அவற்றைத்தான் தேடுகிறார்கள். அவை விபத்து நடந்தால் சேதத்தைக் குறைக்கும். பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பது வோல்டேஜ்.

எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதாவது 3எஸ் (வரிசையாக இணைத்த மூன்று செல்) பேட்டரி பேக்குக்கு 11.4–11.55, 4எஸ்ஸுக்கு 15.2–15.4, 6எஸ்ஸுக்கு 22.8–23.1. 4.35 வோல்ட் வரை ஏறும் ஹை-வோல்டேஜ் பேக், 18650 அல்லது 21700 எனப்படும் உருளை வடிவச் செல்களால் ஆன லித்தியம் அயான் பேக் என்றால் சார்ஜரில் அந்தந்த வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

செல் முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில் நிற்கும்போது உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. உப்பல் அதனால்தான் வருகிறது. கூடவே உள்மின்தடையும் ஏறிவிடும். வெயில் காலத்தில் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். காலியாக வைப்பது அதைவிட மோசம். தானாகக் கசியும் சார்ஜ் கொஞ்சம்தான் என்றாலும், அடிமட்டத்தில் இருந்த செல் சில மாதங்களில் 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்விடலாம். இன்னும் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்கிறது. அப்படிப்பட்ட பேக்கை 'உயிர்ப்பிக்கும்' வித்தைகள் பல உண்டு. எதையும் முயல வேண்டாம்.

பறந்து முடித்த பேக்கை அரை மணி நேரம் ஆறவிட்டு ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். தரையிறங்கிய உடனே பார்த்தால் வோல்டேஜ் குறைவாகத்தான் காட்டும். பிறகு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக இணைக்கும் பேலன்ஸ் வயரையும் செருகி, சார்ஜரை ஸ்டோரேஜ் மோடில் (எடுத்து வைப்பதற்கான அமைப்பில்) ஓட்டுங்கள். குறைந்திருந்தால் ஏற்றும், கூடியிருந்தால் இறக்கும். ஏற்றுவது சீக்கிரம் முடிந்துவிடும், இறக்குவதில்தான் பொறுமை வேண்டும். சிறிய சார்ஜர்கள் பலவற்றின் டிஸ்சார்ஜ் திறன் 5 வாட் அளவில்தான் இருக்கும். 1500 எம்ஏஹெச் 4எஸ் பேக்கில் சுமார் 22 வாட்-அவர் இருக்கிறது. அதில் பாதியை இறக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5000 எம்ஏஹெச் 6எஸ் என்றால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். அதற்குப் பதில் ட்ரோனை ஒரே இடத்தில் மிதக்கவிட்டு, செல்லுக்கு 3.7 காட்டும்போது தரையிறக்கிவிடலாம். ஆறியதும் 3.8 பக்கம் ஏறிவிடும், மிச்சத்தைச் சார்ஜர் பார்த்துக்கொள்ளும்.

பேக்கை ட்ரோனிலிருந்து கழற்றிவிடுங்கள். பேலன்ஸ் வயரில் செருகும் குட்டி வோல்டேஜ் பஸ்ஸரையும் (சார்ஜ் குறைந்தால் ஒலிக்கும் கருவி) மறக்காமல் பிடுங்குங்கள். அதில் சில, ஒன்றிரண்டு செல்களிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டால் அந்தச் செல்கள் மட்டும் வற்றிப்போகும்.

டிஜேஐ போன்றவற்றின் 'இன்டெலிஜென்ட்' பேட்டரிகள் சில நாட்கள் சும்மா கிடந்தால் தாங்களாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். அப்போது லேசாகச் சூடாவது இயல்புதான். ஆனால் உள்ளிருக்கும் சர்க்யூட்டும் கொஞ்சம் மின்சாரம் தின்கிறது. அதனால் பாதி சார்ஜோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லையா? உறக்க நிலைக்குப் போயிருக்கலாம். சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

வைக்கும் இடம் 15–25 டிகிரி செல்சியஸில், ஈரமில்லாமல் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் ரசாயன மாற்றம் மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் காற்றுப் புகாத பையில் போட வேண்டும், எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது, இல்லையென்றால் ஈரம் கோத்துவிடும். வோல்டேஜ் சரியாக இருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. உலோகப் பெட்டி பயன்படுத்தினால் மூடியின் ரப்பர் சீலைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி தீப்பிடித்தால், வாயு வெளியேற வழியில்லாத பெட்டி வெடிக்கலாம். பேக்கின் எக்ஸ்டி60 இணைப்பு முனைகளுக்கு மூடி போடுங்கள். அதே பெட்டியில் ஸ்க்ரூ, ஸ்பேனர் எதுவும் கூடாது.

ஒவ்வொரு பேக்கிலும் டேப் ஒட்டி, தேதியையும் செல் வாரியான வோல்டேஜையும் எழுதுங்கள். முதல் மாதம் கழித்து ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வைக்கும்போது 3.84, 3.84, 3.83, 3.84 இருந்தது, அடுத்த மாதம் 3.83, 3.83, 3.82, 3.70 காட்டுகிறது என்றால் நான்காவது செல் உள்ளுக்குள் கசிகிறது. பேலன்ஸ் சார்ஜ் போட்டால் எண்கள் சமமாகும், கசிவு நிற்காது. அந்தப் பேக்கை ஒதுக்கிவிடுங்கள்.

மறுபடி பறக்கும் முன் உப்பல், கிழிசல், இனிப்பான ரசாயன வாடை இருக்கிறதா பாருங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. 1சி வேகத்தில், அதாவது 1500 எம்ஏஹெச் பேக்கை 1.5 ஆம்பியரில், பக்கத்திலேயே இருந்து பேலன்ஸ் சார்ஜ் செய்யுங்கள். முதலில் ஓரிரு நிமிடம் தாழ்வாக மிதக்கவிடுங்கள். ஒரு செல் மட்டும் சரசரவென்று இறங்கினால் உடனே தரையிறக்குங்கள்.

உப்பிய பேக்கைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உப்புத் தண்ணீரில் போடும் பழக்கமும் நம்பத்தக்கதல்ல. சார்ஜ் இறங்கும் முன்பே முனைகள் அரித்துப்போய், உள்ளே சார்ஜ் அப்படியே மிஞ்சிவிடும். முனைகளில் டேப் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் நிலைமையைச் சொல்லிக் கொடுங்கள்.

ரிமோட்டிலும் எஃப்பிவி கண்ணாடியிலும் (ட்ரோன் கேமரா காட்டுவதை நேரடியாகப் பார்க்க உதவுவது) இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரிதான். அவற்றையும் பாதி சார்ஜில் வைத்து, ட்ரோன் பேக்குகளை அளக்கும் அதே நாளில் பாருங்கள்.