ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து எழுத வேண்டிய கணக்கு

நாங்க முதல்ல இந்தச் சொத்து, கடன் கணக்க எழுதுனது ஒரு மாசி மாசம். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லப் போட்டு, பணம் பேங்க்ல ஏறி நாலு நாள் தான் ஆயிருந்துச்சு. நோட்டப் பாத்துட்டு ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம், பரவால்லயே நம்மகிட்டயும் இவ்வளவு இருக்கான்னு. அதே நோட்ட ஆடில எடுத்துப் பாத்தா பணமும் இல்ல, கழுத்துல கெடந்த ஆரமும் இல்ல. அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி தேதிய முடிவு பண்ணுங்க. டெல்டால வெவசாயம் இருக்கற வீடுன்னா ஆடி 19ன்னு வச்சுக்கங்க. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியாச்சு, குறுவைக்கு உரம் போட்டாச்சு, சம்பா நாத்தங்கால் செலவு ஆரம்பிச்சிருக்கும், குறுவை அறுப்பு புரட்டாசி வாக்குல தான் வரும். வருஷத்துலயே கை ரொம்ப காஞ்சு கெடக்கற நேரம் அது. அன்னிக்கு வர்ற நம்பர் தான் பொய் சொல்லாது, வருஷா வருஷம் அதே நாள்ல எழுதுனா தான் ஒப்பிடவும் முடியும்.

நெட்வொர்த்னு பேரு பெருசா இருந்தாலும் விஷயம் இவ்வளவு தான், நம்மகிட்ட இருக்கறதுல கொடுக்க வேண்டியதக் கழிச்சா மிச்சம். ஒரு நீள நோட்டு போதும். பக்கத்த மூணா கோடு போடுங்க. அவருது, என்னுது, சேந்தது.

இந்த மூணு கோட்டுக்குத் தான் எங்க வீட்டுல சண்டையே வந்துச்சு. என் நகை 8 பவுன அடகு வச்சு உரமும் நடவுக்கூலியும் குடுத்தோம். நான் அத அவரு கட்டத்துல "இவளுக்குத் தர வேண்டியது 8 பவுன்"னு எழுதுனேன். "ஏம்மா, வீட்டுக்குள்ளயே கடன் பத்திரமா?"ன்னாரு. "பத்திரம் இல்லங்க, ஒரு வரி தான்"னேன். கோவத்துல ரெண்டு நாள் சரியா பேசல, அப்பறம் அவரே தை அறுப்புல மொத வேலையா நகைய மீட்டுட்டு வந்தாரு. பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல போட்ட நகை ஸ்ரீதனம், அது அவளோட சொந்த சொத்து, புருஷன் எடுத்தா திருப்பித் தர கடமை உண்டுன்னு 2024ல கூட சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. கோர்ட்டு வரைக்கும் போக வேணாம், நோட்டுல ஒரு வரி இருந்தா போதும். மொத்தம் கூட்டும்போது வீட்டுக்குள்ள இருக்கற கடன் அடிபட்டுப் போயிடும், நெட்வொர்த் மாறாது, ஆனா யாரு நகைல வெள்ளாமை நடந்துச்சுன்னு தெரியும்.

இப்ப, நம்மகிட்ட இருக்கறத எழுதற பக்கம். நிலத்துல தான் எல்லாரும் ஏமாறுவாங்க. மாவுக் கணக்குல எழுதுங்க (மூணு மா சுமாரா ஒரு ஏக்கர்), பக்கத்துலயே பட்டா யாரு பேருல இருக்குன்னு எழுதுங்க. கூட்டுப் பட்டாவா இருந்தா உங்க பங்கு மட்டும் தான், பாகம் பிரியலன்னா அதையும் பென்சில்ல எழுதுங்க. கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்குச் செய்யறவங்க நம்ம பக்கம் எக்கச்சக்கம், மூணு தலைமுறையா நாம தானே உழுறோம்னு அத சொத்துல சேக்காதீங்க, சாகுபடி உரிமை வேற, நிலம் வேற. வீடு கோயில் அடிமனைல இருந்தா கட்டடம் மட்டும் உங்களுது. விலைக்கு ரோட்டோரம் பிளாட் போட்டு விக்கறவன் சொல்ற ரேட்ட எடுக்காம, பத்திரப்பதிவு வெப்சைட்ல அரசாங்கம் போட்டிருக்கற வழிகாட்டி மதிப்ப எடுங்க. கம்மியா தான் இருக்கும், இருக்கட்டும்.

நிக்கற பயிருக்கு ஜீரோ. மரத்துக்கும் ஜீரோ தான். என் அம்மா ஊரு பேராவூரணி பக்கம், 2018 நவம்பர் 15 ராத்திரி, 16 விடியறதுக்குள்ள கஜா புயல் வந்து போனப்ப, தென்னைய நம்பி பொண்ணுக்குக் கல்யாணம் பேசி வச்சிருந்தவங்க விடிஞ்சு எந்திரிச்சு தோப்புல ஆகாசத்தப் பாத்துட்டு நின்னாங்க. அதுலேந்து மரத்துக்கு நான் விலை போடறதில்ல.

நகைய எடைல எழுதுங்க, கல்லு எடையக் கழிச்சு. வாங்குனப்ப குடுத்த கூலி, சேதாரம் திரும்ப வராது. அடகுல இருந்தாலும் நகை இந்தப் பக்கம் தான் வரும், கடன் அந்தப் பக்கம் வரும். இன்சூரன்ஸ்ல பாலிசி தொகைய எழுதாதீங்க, இன்னிக்கு சரண்டர் பண்ணா (பாதில முடிச்சுட்டா) என்ன குடுப்பாங்களோ அது. பிஎஃப், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் பாஸ்புக்ல இருக்கற நம்பர். செல்வமகள் கணக்கு பொண்ணோடது, தனியா எழுதுங்க. வண்டிக்கு இன்னிக்கு வித்தா வர்ற விலை.

சீட்டு கொஞ்சம் குழப்பும். எடுக்காத சீட்டுன்னா கட்டுன பணம் இருப்பு. எடுத்துட்டீங்கன்னா மிச்ச தவணை பூரா கடன்.

கடன் பக்கத்துல சொசைட்டி பயிர்க்கடன் (கெடுவுக்குள்ள கட்டுனா வட்டி இல்ல, தவறுனா உண்டு), நகைக்கடன் அன்னிக்கு வரைக்குமான வட்டியோட, மகளிர் குழு லோன், உரக்கடை பாக்கி, கைமாத்து. அப்பறம் மொய். இத யாரும் எழுத மாட்டாங்க. எங்க அம்மா ஊருப் பக்கம் ஆடி ஆவணில மொய் விருந்து வைப்பாங்க, லட்சக்கணக்குல விழும், ஆனா அது வருமானம் கெடையாது, ஒவ்வொருத்தருக்கும் அவங்க விருந்துல திருப்பிச் செய்யணும். அதனால வாங்குன மொய் கடன் பக்கம், நாம போட்ட மொய் இருப்புப் பக்கம். மொய் நோட்டு பீரோல தானே இருக்கும், அத எடுத்து ஒரு தடவ கூட்டிப் பாருங்க, எங்களுக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

ஒப்பிடறது தான் இதுல முக்கியமான இடம். ரூபாய மட்டும் பாத்தா மோசம் போயிடுவீங்க. எங்க நோட்டுலேந்தே சொல்றேன். 2019 ஆடில 22 பவுன், அப்ப பவுன் சுமார் 27,000, அதாவது 5,94,000. 2025 ஆடில 19 பவுன், பவுன் சுமார் 74,000, 14,06,000. எட்டு லட்சம் கூடிருக்கு, ஆனா மூணு பவுன் வித்துத் தின்னுருக்கோம். விலை ஏறுனது உலகத்தோட வேலை, நாங்க செஞ்சது கொறச்சது தான். அதனால ஒவ்வொரு வருஷமும் முதல்ல எத்தன மா, எத்தன பவுன், எவ்வளவு கடன்னு அளவ எழுதிட்டு, ரூபாய கடைசில எழுதுங்க. வேணும்னா போன வருஷ விலையிலயே இந்த வருஷ அளவையும் போட்டு ஒரு தடவ கூட்டுங்க, அந்த வித்தியாசம் தான் நீங்க ரெண்டு பேரும் சேத்தது.

ஓரத்துல அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைங்க. 2024ல மேட்டூர் அணைய வழக்கமான ஜூன் 12ல திறக்கல, நாங்க குறுவையே போடல, பயிர்க்கடனும் வாங்கல, அதனால அந்த வருஷ பக்கத்துல கடன் ரொம்ப கம்மியா தெரியும். காரணம் எழுதலன்னா பத்து வருஷம் கழிச்சுப் பாக்கும்போது அது தான் நல்ல வருஷம்னு நெனச்சுக்குவோம்.

இன்னொரு கணக்கும் போடுவேன். நிலத்தையும் வீட்டையும் விட்டுட்டு மிச்ச நெட்வொர்த்த ஒரு வருஷ வீட்டுச் செலவால வகுத்தா எத்தன வருஷம் உக்காந்து சாப்பிடலாம்னு வரும். எங்களுக்கு இப்ப நாலு தாண்டிருக்கு, தங்கத்த எடுத்துட்டா ஒன்றரை தான். கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருக்காரு, அவங்க வீட்டோட ஒப்பிட்டா ராத்திரி தூக்கம் தான் போகும், அவருக்கு என்ன கடன்னு நமக்கு என்ன தெரியும்.

நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி யாருன்னு எழுதுங்க. போன ஆடில எழுதும்போது தான் பாத்தோம், அவரோட பாலிசி ஒண்ணுல கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட அவங்க அப்பா பேரு தான் இன்னும் இருக்கு, மாமா தவறி ஆறு வருஷம் ஆச்சு. மாத்த ஒரு ஃபார்ம் தான், நடவு முடியட்டும்னாரு, அறுப்பு முடியட்டும்னாரு. ஃபார்ம் இப்பவும் நோட்டுக்குள்ள மடிச்சபடி தான் இருக்கு.