வைத்த இடம் மறந்துவிட்டதா? பீரோவைக் கவிழ்க்கும் முன் இதைச் செய்யுங்கள்

"பத்திரமா இருக்கட்டும்" என்று எடுத்து வைக்கிற பொருள்தான் முதலில் காணாமல் போகும். எங்கள் வீட்டில் அது நிலப் பத்திரம். கிடைத்த வழியை எழுதிவைக்கிறேன்.

மறந்ததெல்லாம் மூளையிலிருந்து அழிந்துபோவதில்லை, பல நேரம் அதை வெளியே இழுக்கும் துப்புதான் இல்லை. 1966-ல் உளவியல் ஆய்வாளர்கள் எண்டல் டல்விங்கும் பேர்ல்ஸ்டோனும் மாணவர்களுக்கு வகைவாரியான சொற்பட்டியல் கொடுத்துச் சோதித்தார்கள். சும்மா கேட்டபோது வராத பல சொற்கள், வகையின் பெயரைக் காட்டியதும் வந்துவிட்டன.

படி 1: தேடுவதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் கலைத்தால் இருக்கிற துப்பும் போய்விடும்.

படி 2: எந்த நாள் வைத்தீர்கள் என்று பிடியுங்கள். இதற்கு டைரியெல்லாம் வேண்டாம், போன் கேலரியும் கூகுள் பே கணக்கும் போதும்.

படி 3: இங்கேதான் எல்லாரும் மாட்டுவது. "எங்கே வைத்தேன்?" என்று கேட்டால் "எங்கேயோ பத்திரமான இடத்தில்" என்றுதான் பதில் வரும். வீட்டில் பத்திரமான இடம் பத்து இருக்கும், ஒரே துப்பில் பத்து இடமும் தொங்கினால் அதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் இடத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கேளுங்கள்: பத்திரத்தை எதற்காக வெளியே எடுத்தோம், யார் வந்திருந்தார்கள், கையில் வேறு என்ன இருந்தது, கரண்ட் இருந்ததா, மனசில் என்ன அவசரம். அதோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றுவதையும் தள்ளாமல் வாய்விட்டே சொல்லுங்கள். எனக்கு வந்தது கேஸ் சிலிண்டர்காரர் அழைப்பு மணி அடித்தது, அங்கிருந்து சமையலறை, அப்புறம் சிலிண்டர் புத்தகம் இருக்கும் டிராயர்.

படி 4: வரவில்லையா, அன்று நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். சாட்சிகளை விசாரிக்க உளவியலாளர்கள் ஃபிஷரும் கைசல்மனும் 1980-களில் உருவாக்கிய முறையிலும் இது உண்டு.

பின்சேர்க்கை: "அந்த வீட்டையே காலி செய்துவிட்டோமே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். நினைவு வர அங்கே நேரில் போகத் தேவையில்லை, கண்ணை மூடி அந்த அறையை நினைத்துப் பார்த்தாலும் உதவும். 1979-ல் உளவியலாளர் ஸ்டீவன் ஸ்மித்தின் சோதனையில் அப்படித்தான் வந்தது. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது கற்பனையும் கலக்கும், போய்ப் பார்க்காமல் "அங்கேதான் வைத்தேன்" என்று வீட்டில் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று, போன் பேசிக்கொண்டே கவனிக்காமல் வைத்திருந்தால் எந்தத் துப்பும் வேலை செய்யாது, மனசில் பதிந்திருந்தால்தானே வரும். அப்போது பீரோவைக் கவிழ்க்கலாம்.