துடைத்தும் போகாத மங்கல்

1900களின் தொடக்கத்தில் பயணிகள் கப்பல் அதிகாரிகள் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த, தோல் போர்த்திய பித்தளை பைனாகுலர் ஒன்றில் வலப்பக்கக் காட்சி மட்டும் பாலாடை படர்ந்ததுபோல் மங்கியிருந்தது. வில்லைகள் மட்டுமே கொண்ட கலிலியோ முறையில் அமைந்த இதில் முப்பட்டகம் கிடையாது என்பதால், முன் வில்லையையும் கண் வில்லையையும் ஆல்கஹாலால் துடைத்தேன், மங்கல் குறையவில்லை. குழாயின் உட்புறத்தில் உதிர்ந்திருந்த கறுப்புப் பூச்சைப் புதுப்பித்தும் பயனில்லை. நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

முன் வில்லையைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியை அதன் விளிம்பில் பக்கவாட்டாகப் பாய்ச்சியபோதுதான், மங்கல் மேற்பரப்பில் இல்லை, ஒரே வில்லையாக ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகளுக்கு இடையே இருக்கிறது என்பது தெரிந்தது. அவற்றை ஒட்டியிருந்த கனடா பால்சம் என்னும் பிசின் மஞ்சளித்து விரிசல் விட்டிருந்தது.

திரும்ப ஒட்டும்போது பழைய திசை மாறிவிடக் கூடாது என்பதால், இரு கண்ணாடிகளின் விளிம்பையும் கடக்குமாறு பென்சிலால் சாய்கோடு ஒன்று இட்டேன். பலர் செய்யாமல் விட்டுவிடும் கட்டம் இது. பிறகு வில்லையைக் குளிர்ந்த நீரில் துணிமேல் வைத்து மிக மெதுவாகச் சூடேற்றி, பிசின் இளகியதும் நீருக்குள்ளேயே மரக்குச்சியால் தள்ளிப் பிரித்து, நீர் தானாக ஆறிய பின்னரே வெளியே எடுத்தேன். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி தெறித்துவிடும். அசிட்டோனால் எச்சத்தை நீக்கி, புறஊதா ஒளியில் இறுகும் ஒளியியல் பசையால் ஒட்டியதும் இரு பக்கமும் ஒரே தெளிவில் தெரிந்தன.